பூஜ்ஜியத்தை எண்ணாதே, புள்ளியின் நடையை எண்ணு!

(கணிதப் பகுதி)



இந்த மாத இதழில் "அறிவியல் குறியீடு" பற்றி எழுதுகிறேன். இது எட்டாம் வகுப்புக் கணக்கில் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் வருகிறது. அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. "கணக்கே கஷ்டம், இதுல தலைமேல குட்டி எண் வேறயா?" என்று சொல்லிப் பல பேர் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இது தாண்டிப் போகிற பாடம் இல்லை. நம் மாவட்டத்தில் நாம் குடிக்கிற தண்ணீரிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம். கையில் ஒரு ரஃப் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

1. எதற்காக இந்தக் குறியீடு?

பூமியின் நிறையைக் கிலோகிராமில் எழுதச் சொன்னால் 597 என்று எழுதி, அதன் பின்னால் 22 பூஜ்ஜியம் போட வேண்டும். எலக்ட்ரானின் நிறையை எழுத வேண்டுமானால் 0 எழுதி, புள்ளி வைத்து, 30 பூஜ்ஜியம் போட்டு, அதற்கப்புறம் 911 என்று எழுத வேண்டும். போர்டே பத்தாது. எழுதுகிறவருக்கும் கை வலிக்கும், படிக்கிறவருக்கும் எண்ணிக்கை தப்பிப் போகும். ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனால் பூமியே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்!

இதையே அறிவியல் குறியீட்டில் எழுதினால்,

பூமியின் நிறை = 5.97 × 10²⁴ கிலோகிராம்
எலக்ட்ரானின் நிறை = 9.11 × 10⁻³¹ கிலோகிராம்

எவ்வளவு சின்னதாக முடிந்துவிட்டது பாருங்கள். இதில் இரண்டு பகுதி இருக்கிறது. முன்னால் நிற்பது ஓர் எண் (5.97). பின்னால் நிற்பது பத்தின் அடுக்கு (10²⁴). முன் எண் 1 ஆகவோ, 1-ஐ விடப் பெரியதாகவோ இருக்க வேண்டும். ஆனால் 10-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும். அதாவது புள்ளிக்கு முன்னால் ஒரே ஓர் இலக்கம்தான், அதுவும் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை மனதில் வைத்தால் போதும்.

2. பத்தின் படிக்கட்டு

அடுக்கு என்றாலே பயப்படுகிறவர்கள் இதைப் பாருங்கள். இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்குதான்.

10⁰ = ஒன்று
10¹ = பத்து
10² = நூறு
10³ = ஆயிரம்
10⁴ = பத்தாயிரம்
10⁵ = லட்சம்
10⁶ = பத்து லட்சம்
10⁷ = கோடி

ஒவ்வொரு படி ஏறும்போதும் பத்து மடங்கு ஆகிறது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. 10⁰ ஏன் 1 என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பத்திலிருந்து ஒரு படி இறங்கினால், பத்தைப் பத்தால் வகுக்கிறோம். ஒன்றுதானே வரும்?

செய்தித்தாளில் "லட்சம் கோடி ரூபாய்" என்று போடுகிறார்கள். அது எவ்வளவு? லட்சம் 10⁵, கோடி 10⁷. பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும். 5 + 7 = 12. ஆகவே லட்சம் கோடி என்பது 10¹². இங்கிலீஷில் இதையே ட்ரில்லியன் என்கிறார்கள். மில்லியன் என்பது பத்து லட்சம், 10⁶. பில்லியன் என்பது நூறு கோடி, 10⁹. பெயர் ஊருக்கு ஊர் மாறும், அடுக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இன்னொன்று, மேட்டூர் அணைச் செய்தியில் வரும் "டி.எம்.சி". அதன் அர்த்தம் ஆயிரம் மில்லியன் கன அடி. ஆயிரம் 10³, மில்லியன் 10⁶. ஆகவே ஒரு டி.எம்.சி. என்பது 10⁹ கன அடி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதை அறிவியல் குறியீட்டில் எழுதுவது கடைசியில் பயிற்சியாக வருகிறது. இப்போதே யோசித்து வையுங்கள்.

3. பெரிய எண்ணை எழுதுவது எப்படி?

பல பேர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். "எத்தனை பூஜ்ஜியமோ அதுதான் அடுக்கு." 5,00,000 என்றால் ஐந்து பூஜ்ஜியம், ஆகவே 5 × 10⁵. சரியாக வருகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள்.

நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. இதில் பூஜ்ஜியம் இரண்டுதான். குறுக்கு வழிப்படி 3.844 × 10² என்று எழுதினால் என்ன ஆகும்? அது வெறும் 384.4 கி.மீ. நிலாவுக்குப் பஸ்ஸிலேயே ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம்!

ஆகவே பூஜ்ஜியத்தை எண்ணக் கூடாது. புள்ளி எத்தனை வீடு நடக்கிறது என்பதைத்தான் எண்ண வேண்டும்.

முழு எண்ணில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடைசி இலக்கத்துக்குப் பின்னால் அது இருக்கிறது. 3,84,400 என்றால் 384400. என்று கடைசியில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கமான 3-க்கு அடுத்த இடத்துக்கு அந்தப் புள்ளி நடந்து வர வேண்டும். பென்சிலால் ஒவ்வொரு வீடாகத் தாண்டி வளைவு போடுங்கள். 0, 0, 4, 4, 8 என்று ஐந்து வளைவு வரும். ஆகவே,

3,84,400 = 3.844 × 10⁵

சரி பார்ப்பது எப்படி? 10⁵ என்றால் லட்சம். 3.844 லட்சம். எண்ணும் மூன்று லட்சத்துச் சொச்சம்தான். பொருந்துகிறது. நம் லட்சமும் கோடியும் இப்படிச் சரிபார்க்க ரொம்ப உதவும்.

இன்னொரு எடுத்துக்காட்டு. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7,21,47,030. புள்ளி ஏழு வீடு நடக்கிறது. 7.214703 × 10⁷. சுருக்கமாக 7.21 × 10⁷. அதாவது 7.21 கோடி.

4. சிறிய எண்ணை எழுதுவது எப்படி?

படிக்கட்டு 10⁰-ல் நின்றுவிடாது. கீழேயும் இறங்கும்.

10⁻¹ = 0.1 (பத்தில் ஒன்று)
10⁻² = 0.01 (நூறில் ஒன்று)
10⁻³ = 0.001 (ஆயிரத்தில் ஒன்று)
10⁻⁶ = 0.000001 (பத்து லட்சத்தில் ஒன்று)

இங்கே ஒரு விஷயம். மைனஸ் அடுக்கு வந்தால் அந்த எண் மைனஸ் எண் என்று அர்த்தம் இல்லை. 10⁻³ என்பது பூஜ்ஜியத்தை விடப் பெரியதுதான். ஆனால் சின்னது, அவ்வளவுதான். ஒரு ரூபாயில் நூறில் ஒரு பங்கு ஒரு பைசா. பைசா என்பது கடன் இல்லையே!

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுவின் விட்டம் சுமார் 0.000007 மீட்டர். இதில் புள்ளி வலது பக்கமாக நடந்து 7-க்குப் பின்னால் வர வேண்டும். வளைவு போட்டு எண்ணுங்கள், ஆறு வீடு. ஆகவே 7 × 10⁻⁶ மீட்டர். 10⁻⁶ மீட்டருக்கு மைக்ரோமீட்டர் என்று பெயர். ஆகவே 7 மைக்ரோமீட்டர்.

"இடது பக்கம் நடந்தால் பிளஸ், வலது பக்கம் நடந்தால் மைனஸ்" என்று மனப்பாடம் செய்கிறவர்கள் பரீட்சை ஹாலில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். அதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "கொடுத்த எண் 10-ஐ விடப் பெரியதா, 1-ஐ விடச் சிறியதா?" பெரியது என்றால் அடுக்கு பிளஸ். சிறியது என்றால் அடுக்கு மைனஸ். புள்ளி எந்தப் பக்கம் நடந்தது என்ற குழப்பமே வராது.

5. எது பெரியது?

9.8 × 10⁵ பெரியதா, 1.2 × 10⁷ பெரியதா?

சிலர் 9.8-ஐப் பார்த்ததும் அதுதான் பெரியது என்று சொல்லிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அடுக்கை. ஒன்று 9.8 லட்சம். இன்னொன்று 1.2 கோடி. இப்போது சொல்லுங்கள், யார் பணக்காரர்?

அடுக்குகள் சமமாக இருந்தால் மட்டும்தான் முன் எண்ணைப் பார்க்க வேண்டும். அறிவியல் குறியீட்டில் அடுக்குதான் ஊர், முன் எண் கதவு நம்பர். ஊரே தப்பானால் கதவு நம்பர் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

6. பெருக்கல், வகுத்தல், கூட்டல்

பெருக்கும்போது முன் எண்களைப் பெருக்கு, அடுக்குகளைக் கூட்டு. வகுக்கும்போது முன் எண்களை வகு, அடுக்குகளைக் கழி.

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கி.மீ., அதாவது 1.5 × 10⁸ கி.மீ. ஒளி ஒரு நொடியில் சுமார் மூன்று லட்சம் கி.மீ. போகும், அதாவது 3 × 10⁵ கி.மீ. அப்படியானால் சூரிய ஒளி நம் பள்ளி மைதானத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

(1.5 × 10⁸) ÷ (3 × 10⁵) = 0.5 × 10³

முன் எண் 0.5 ஆகிவிட்டது. நிபந்தனைப்படி இது கூடாது. 0.5-ஐ 5 ஆக்கினால் பத்து மடங்கு பெருக்குகிறோம், அதற்கு ஈடாக அடுக்கில் ஒன்றைக் குறைக்க வேண்டும். ஆகவே 5 × 10². அதாவது 500 நொடி. 8 நிமிடம் 20 நொடி. காலை பிரேயரில் நம் மேல் விழுகிற வெயில், நாம் வரிசையில் நிற்கத் தொடங்கும் முன்பே சூரியனிலிருந்து புறப்பட்டுவிட்டது!

நம் இஸ்ரோ 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6-ஆம் தேதி தன் இடத்தைச் சேர்ந்தது. அந்த இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ., அதாவது 1.5 × 10⁶. "சூரியனுக்கே போய்விட்டது" என்று சிலர் நினைக்கிறார்கள். அடுக்கைப் பாருங்கள். சூரியன் 10⁸-ல் இருக்கிறது, விண்கலம் 10⁶-ல் இருக்கிறது. இரண்டு படி வித்தியாசம். அதாவது மொத்த தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. அங்கே நின்றுகொண்டு சூரியனை இடைவிடாமல் பார்க்கிறது. இந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி. தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் பிறந்து அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர். நம்மைப் போல அரசுப் பள்ளியில் படித்த பெண்தான் என்பதைத் தங்கைகள் கவனிக்கவும்.

இப்போது எல்லாரும் கேட்ட சதுரங்கக் கதை. முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டிப்பாக மணி கேட்டாராம் ஒருவர். ராஜா சிரித்தாராம். மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 மணி வரும். போன் கால்குலேட்டரில் இது போட்டால் 1.8446744 என்று காட்டி, பக்கத்தில் "ஈ" என்ற இங்கிலீஷ் எழுத்தும் 19-ம் வரும். கால்குலேட்டர் கெட்டுப் போகவில்லை. இடம் பத்தாததால் அதுவும் அறிவியல் குறியீட்டில்தான் பேசுகிறது. அந்த எழுத்துக்கு "பத்தின் அடுக்கு" என்று அர்த்தம். ஆகவே விடை சுமார் 1.8 × 10¹⁹.

எங்கள் வகுப்பில் 500 அரிசி எண்ணி லேப் தராசில் வைத்துப் பார்த்தோம். 10 கிராமுக்குப் பக்கத்தில் வந்தது. ஆகவே ஓர் அரிசி சுமார் 0.02 கிராம், அதாவது 2 × 10⁻² கிராம். (அரிசி ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.)

மொத்த எடை = (1.8 × 10¹⁹) × (2 × 10⁻²) = 3.6 × 10¹⁷ கிராம்

அடுக்கு 19 உடன் மைனஸ் 2-ஐக் கூட்டினால் 17. ஒரு டன் என்பது 10⁶ கிராம். ஆகவே 3.6 × 10¹¹ டன். உலகம் முழுவதும் இப்போது ஒரு வருஷத்தில் விளையும் அரிசி சுமார் 50 கோடி டன், 5 × 10⁸ டன் என்று வைத்துக்கொண்டால்,

(3.6 × 10¹¹) ÷ (5 × 10⁸) = 0.72 × 10³ = 7.2 × 10²

720 வருஷம்! உலகமே யாரும் சாப்பிடாமல் 720 வருஷம் விளைவித்துக் கொடுத்தால்தான் அந்தக் கடன் தீரும். மூன்று வரியில் கணக்கு முடிந்துவிட்டது. பூஜ்ஜியம் போட்டு எழுதியிருந்தால் மூன்று பக்கம் ஆகியிருக்கும்.

கூட்டலில் மட்டும் ஜாக்கிரதை. 3 × 10⁵ + 2 × 10⁷ எவ்வளவு? 5 × 10¹² என்று எழுதக் கூடாது. மூன்று லட்சத்தையும் இரண்டு கோடியையும் கூட்டினால் ஐந்து லட்சம் கோடி வருமா? வராது. முதலில் இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டு வர வேண்டும். 3 × 10⁵ என்பது 0.03 × 10⁷. இப்போது கூட்டினால் 2.03 × 10⁷. அதாவது இரண்டு கோடியே மூன்று லட்சம். கழித்தலுக்கும் இதே வழிதான்.

7. ஓர் அடுக்கு தப்பினால் என்ன ஆகும்?

"ஒரே ஒரு நம்பர்தானே தப்பு, அரை மார்க்காவது போடலாம்" என்று நமக்குத் தோன்றும். பரீட்சையில் போடலாம். வெளியே போட மாட்டார்கள்.

இப்போது முதலில் சொன்ன தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். பூமிக்கு அடியில் உள்ள பாறையிலிருந்து அது தண்ணீரில் கரைகிறது. பார்த்தால் தெரியாது, குடித்தாலும் ருசியில் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர்தான் ஆவியாகுமே தவிர ஃபுளோரைடு அப்படியே இருக்கும்.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். அதற்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இதை நம் கணக்கில் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீர் = 1 கிலோ = 10³ கிராம்
1.5 மில்லிகிராம் = 1.5 × 10⁻³ கிராம்
(1.5 × 10⁻³) ÷ 10³ = 1.5 × 10⁻⁶

மைனஸ் 3-லிருந்து 3-ஐக் கழித்தால் மைனஸ் 6. அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் ஒன்றரைப் பங்கு. இதைத்தான் பி.பி.எம். என்கிறார்கள். இவ்வளவு சின்ன எண்ணா என்று தோன்றும். ஆனால் இந்தச் சின்ன எண் கூடிப்போன தண்ணீரைச் சின்ன வயதில், பல் உருவாகும் காலத்தில் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும். ரொம்ப அதிகமாக, ரொம்ப வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். நம் பக்கத்தில் வெற்றிலையே போடாத பெரியவர்கள் சிலருக்கும் பல்லில் பழுப்புக் கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் பள்ளியிலேயே சில பேருக்கு இருக்கிறது. அவர்களைப் "பல் விளக்காதவங்க" என்று யாரும் கேலி செய்யக் கூடாது. எத்தனை தடவை விளக்கினாலும் அந்தக் கறை போகாது. அது அவர்கள் தப்பு இல்லை, 10⁻⁶-ன் வேலை. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி, காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு போர்வெல் தண்ணீரைச் சோதித்ததில் 5 × 10⁻⁶ என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிக்கவே கூடாது. எழுதுகிறவர் அடுக்கில் ஒன்று தவறி 5 × 10⁻⁷ என்று எழுதிவிட்டால்? அது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஆகிவிடும். "நல்ல தண்ணி" என்று முடிவாகிவிடும். ஊரே குடிக்கும். முன் எண் 5 சரிதான், குட்டி எண் மட்டும்தான் தப்பு. ஆனால் அந்தக் குட்டி எண்தான் குழந்தைகளின் பல்லைத் தீர்மானிக்கிறது.

அதே இடத்தில் முன் எண்ணில் தப்பு வந்திருந்தால், 5-க்குப் பதில் 6 என்று எழுதியிருந்தால்? அப்போதும் "குடிக்காதே" என்றுதான் முடிவு வரும். இதனால்தான் அடுக்கை முதலில் பார் என்று சொல்கிறேன்.

மருந்திலும் இப்படித்தான். தைராய்டு மாத்திரை அட்டையில் 25, 50, 100 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். மைக்ரோகிராம் என்பது 10⁻⁶ கிராம். மில்லிகிராம் என்பது 10⁻³ கிராம். இரண்டுக்கும் நடுவில் மூன்று படி, ஆயிரம் மடங்கு. ஆகவே வீட்டில் யாருக்காவது மாத்திரை எடுத்துக் கொடுத்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் பக்கத்தில் உள்ள அலகையும் படியுங்கள்.

அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு விண்கலம், 1999-ல் அங்கே போய்ச் சேர்ந்த அன்றே தொலைந்துபோனது. ஒரு குழு பவுண்டு கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். அந்த வித்தியாசம் சுமார் 4.45 மடங்குதான். நாலரை மடங்குக்கே விண்கலம் போய்விட்டது. ஓர் அடுக்கு தப்பினால் பத்து மடங்கு!

8. கொஞ்சம் வரலாறு

சுமார் 2200 வருஷத்துக்கு முன்பு சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், "மணலை எண்ணவே முடியாது என்கிறார்களே, உலகம் முழுக்க மணலை நிரப்பினாலும் எண்ணிக் காட்டுகிறேன்" என்று கெலோன் மன்னருக்கு ஒரு நூல் எழுதினார். கிரேக்கர்களிடம் பெயர் உள்ள பெரிய எண் பத்தாயிரம்தான். அவர் பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கி (அது நம் பத்து கோடி, 10⁸), அதையே புது அலகாக வைத்து மேலே மேலே அடுக்கிக்கொண்டு போனார். அவர் கண்ட விடையை இன்றைய முறையில் எழுதினால், பிரபஞ்சத்தை நிரப்பும் மணல் 10⁶³-க்கு மேல் போகாது. பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டும் விதியும் அந்த நூலிலேயே இருக்கிறது. ஆனால் எண்ணின் தலைமேல் குட்டி எண் போடும் வழக்கம் அவர் காலத்தில் இல்லை. அதைப் பரவலாக்கியது 1637-ல் வந்த டெகார்ட்டேயின் வடிவியல் நூல். குட்டி எண் இல்லாமலேயே அவர் கணக்குப் போட்டார். நமக்கு அது கையில் கிடைத்தும் பயப்படலாமா?

9. அடிக்கடி வரும் தப்புகள்

அ) 27.3 × 10⁴ என்று நிறுத்திவிடுவது. மதிப்பு சரி, வடிவம் தப்பு. 2.73 × 10⁵ என்று எழுத வேண்டும். முன் எண் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அடுக்கு ஒன்று கூடும். சீசா பலகை மாதிரி, ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறும்.

ஆ) 0.6 × 10⁻³ என்பதை 6 × 10⁻² என்று எழுதுவது. முன் எண் கூடினால் அடுக்கு குறைய வேண்டும். மைனஸ் 3-லிருந்து ஒன்று குறைந்தால் மைனஸ் 4. ஆகவே 6 × 10⁻⁴.

இ) 10⁻⁶ தான் 10⁻³-ஐ விடப் பெரியது என்று நினைப்பது. படிக்கட்டில் கீழே இறங்க இறங்கச் சின்னதுதான்.

ஈ) அலகை விட்டுவிடுவது. 1.5 × 10⁸ என்று மட்டும் எழுதினால் அது கி.மீ.-ஆ, மீட்டரா, மாம்பழமா என்று யாருக்குத் தெரியும்?

10. நீங்களே செய்து பாருங்கள்

1) பூமியின் நடுக்கோட்டு விட்டம் 12,756 கி.மீ. அறிவியல் குறியீட்டில் எழுதுக.
2) கொரோனா வைரஸின் விட்டம் சுமார் 0.0000001 மீட்டர். அறிவியல் குறியீட்டில் எழுதுக.
3) மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கன அடியில், அறிவியல் குறியீட்டில் எழுதுக.
4) 9.9 × 10⁻⁷, 1.1 × 10⁻⁶. எது பெரியது?
5) 4 × 10⁶ + 5 × 10⁵ = ?
6) ஒரு கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு 0.0000032 பங்கு. அறிவியல் குறியீட்டில் எழுதி, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், குடிக்கலாமா என்று சொல்க.

விடைகள் (முதலில் செய்துவிட்டுப் பாருங்கள்):

1) 1.2756 × 10⁴ கி.மீ.
2) 1 × 10⁻⁷ மீட்டர்
3) 93.47 × 10⁹ = 9.347 × 10¹⁰ கன அடி
4) 1.1 × 10⁻⁶ பெரியது. அடுக்கை முதலில் பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும்.
5) 4.5 × 10⁶
6) 3.2 × 10⁻⁶. லிட்டருக்கு 3.2 மில்லிகிராம். குடிக்கக் கூடாது.

ஆறும் சரியாக வந்தவர்கள் இந்தப் பாடத்துக்கு இனிமேல் பயப்பட வேண்டாம். வராதவர்கள் மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பக்கம் வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து போடலாம். உங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்த விவரம் யாரிடமாவது இருந்தால் அந்த எண்ணையும் எழுதி எடுத்து வாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துத் தருகிறார்கள். நாமே அதை 10⁻⁶-ல் எழுதிப் பார்த்து, 1.5-க்கு மேலா கீழா என்று தெரிந்துகொள்ளலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி.